திருடனுக்கு என் பெயர்

போன ஞாயிற்றுக்கிழமை, மதியம் சாப்பிட்ட கையோடு மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். இருபது வருஷத்துக்கு முன்னால் நாங்கள் ஆடிய ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டைத் தூசு தட்டி, புதுச் சாயம் பூசி மறுபடியும் வெளியிட்டிருக்கிறார்கள். ஆறு பேர் கொண்ட ஒரு கூட்டம் காடு, மலை, குகையெல்லாம் அலைந்து கடைசியில் ஒரு கெட்ட மந்திரவாதியை ஒழிக்க வேண்டும். கதை அவ்வளவுதான். சாயம் நன்றாகவே இருக்கிறது. ஆனால் தொடங்கி ஐந்து நிமிடம் ஆவதற்குள் திரையின் மேல் மூலையில் தங்க நிறத்தில் ஓர் அம்புக்குறி முளைத்து, 'குகை இந்தப் பக்கம்' என்று வழி காட்டியது. எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. உங்களுக்குச் சிரிப்பாக இருக்கும். பிரஷர் மாத்திரை போடுகிற வயதில் ஒருவன் அம்புக்குறியோடு சண்டைக்கு நிற்கிறான். ஆனால் அதே குகைக்கு வழி தெரியாமல் நாங்கள் பதினோரு நாள் அலைந்திருக்கிறோம். அந்தப் பதினோரு நாளுக்கு ஒரு மரியாதை வேண்டாமா?

பழைய ஆட்டங்களைப் பற்றி எனக்கு நிறைய அபிப்பிராயங்கள் உண்டு. வீட்டில் யாரும் காதில் போட்டுக்கொள்வதில்லை என்பதால் உங்களிடம் சொல்கிறேன்.

திருத்துறைப்பூண்டியில், ஓர் உரக்கடைக்கு மேல் மாடியில் இருந்தது அந்தக் கம்ப்யூட்டர் சென்டர். பட்டப்படிப்பை முடித்துவிட்டு அங்கே பாடம் சொல்லிக் கொடுக்கச் சேர்ந்திருந்தேன். இன்றைக்கும் பூச்சிமருந்து வாடை எங்கேயாவது மூக்கில் ஏறினால் எனக்கு வயல் ஞாபகம் வராது, கீபோர்டுதான் ஞாபகம் வரும். விவசாயி மகன் இதை வெளியே சொல்லக்கூடாது, சொல்லிவிட்டேன். மொத்தம் ஆறு கம்ப்யூட்டர். அதில் மூன்றாம் நம்பரில் மட்டும்தான் சத்தம் வரும். செருப்பை வாசலில் விட்டுவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். கம்ப்யூட்டர் இருக்கிற அறை என்றால் அன்றைக்குக் கோயிலுக்கு அடுத்தபடி.

சென்டரின் சொந்தக்காரர் கலியபெருமாள் சார். கூட்டுறவுச் சங்க வேலையை விட்டுவிட்டு, வருங்காலம் கம்ப்யூட்டரில் இருக்கிறது என்று யாரோ சொன்னதை நம்பி இதைத் தொடங்கியவர். 'இங்கே கேம்ஸ் ஆடக்கூடாது' என்று தன் கையாலேயே எழுதிச் சுவரில் ஒட்டியிருந்தார். அந்த அறிவிப்புக்கு நேர் கீழே உட்கார்ந்து தினமும் சீட்டாட்டம் ஆடுவார். கம்ப்யூட்டருக்குள் இருக்கிற சீட்டுக்கட்டு அவர் கணக்கில் கேம்ஸ் ஆகாது. "இது மௌஸ் பழகுறதுக்கு" என்பார். நான் அங்கே இருந்த மூன்று வருஷமும் அவர் மௌஸ் பழகிக்கொண்டுதான் இருந்தார்.

எங்கள் பக்கத்து சென்டர்களுக்கு ஒரு பருவக் கணக்கு உண்டு. நடவுக்கும் அறுப்புக்கும் பிள்ளைகள் வர மாட்டார்கள். வகுப்பில் இருபது பேர் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு பேர் உட்கார்ந்து கொட்டாவி விடுவார்கள். அப்படி ஒரு நடவு சமயத்தில்தான், ராஜ்ஜியம் கட்டுகிற ஆட்டம் ஒன்றை மூன்றாம் நம்பரில் ஏற்றினேன். ஆட்களை அனுப்பி மரம் வெட்டி, கல் உடைத்து, வயல் போட்டு, கோட்டை கட்டி, படை திரட்டிப் பக்கத்து ராஜ்ஜியத்தைப் பிடிக்க வேண்டும். நாங்கள் அதற்கு வைத்த பெயர் 'கோட்டை'. பெட்டியில் போட்டிருந்த பெயர் எங்கள் வாயில் நுழையவில்லை.

கோட்டையில் எனக்கு ஒரே ஒரு குறை உண்டு. அதில் வயல் போடுவதற்கு மரம் வேண்டும், தண்ணீர் வேண்டாம். ஆறு ஒரு மூலையில் அதுபாட்டுக்கு ஓடும், வயல் மலை உச்சியில் விளையும். ஒருநாள் ஊரிலிருந்து வந்த என் அப்பா பின்னால் நின்று கொஞ்ச நேரம் பார்த்தார். வாய்க்கால் எங்கே என்று கேட்டார். இதில் வாய்க்கால் கிடையாது என்றேன். மடை திறக்காமல், முறை வைக்காமல், யாரோடும் சண்டை பிடிக்காமல் எப்படி விளைகிறது என்று கேட்டார். அதுவாக விளைகிறது என்றேன். அப்பா என்னை ஒரு மாதிரி பார்த்தார். "இவனுக எந்த ஊர்க்காரனுக? நம்ம ஊருக்கு அனுப்பி வையி" என்று சொல்லிவிட்டுக் கீழே போய் யூரியா வாங்கினார்.

சுனாமி வந்ததற்கு அடுத்த வருஷம் அமுதா எங்கள் சென்டரில் வேலைக்குச் சேர்ந்தாள். நாகப்பட்டினம் கடற்கரையில் மீன்பிடிக் குடும்பம். உயிருக்குச் சேதமில்லை. வீடு போய்விட்டது, படகு இரண்டாகப் பிளந்து எங்கேயோ கிடந்தது. திருத்துறைப்பூண்டியில் சித்தி வீட்டில் வந்து தங்கியிருந்தார்கள். அவள் அம்மா நாகம்மா அங்கேயும் சும்மா இருக்கவில்லை. விடிவதற்குள் நாகப்பட்டினம் போய் மீன் எடுத்து வந்து, கூடையைத் தலையில் வைத்துத் தெருத்தெருவாக விற்றார். அவர் குரல் எங்கள் மாடிக்குக் கேட்கும். கேட்டதும் கலியபெருமாள் சார் சீட்டாட்டத்தை அப்படியே விட்டுவிட்டுப் பாத்திரத்தோடு இறங்குவார்.

அமுதாவுக்குக் கோட்டை ஆடக் கற்றுக்கொடுத்தது நான்தான். இதில் பெருமைப்பட ஒன்றுமில்லை, மூன்றாவது நாளே என்னைத் தோற்கடித்துவிட்டாள். அதில் தீவு வரைபடம் ஒன்று வரும். தீவில் ஆடும்போது எல்லோரும் கரையோரமாக ஊரைக் கட்டுவார்கள், மீன் சுலபமாகக் கிடைக்கும் என்பதால். அவள் மட்டும் தீவின் நட்டநடுவில், மலையை ஒட்டிக் கட்டுவாள். ஒவ்வொரு முறையும் அப்படித்தான். ஆட்கள் மீனைச் சுமந்துகொண்டு அவ்வளவு தூரம் நடந்து வர வேண்டும். கடற்கரைப் பெண்ணுக்குக் கடலைக் கண்டால் பயமா என்று ஒருநாள் கேலி செய்தேன். அவள் திரையைப் பார்த்தபடியே சொன்னாள்.

"கப்பலு எத்தன வேணும்னாலும் கட்டுறேன். வீடு மட்டும் அங்க வேணாம்."

அப்புறம்தான் எனக்கு உறைத்தது. அந்த வயதில் எனக்கு எல்லாமே அப்புறம்தான் உறைக்கும். என் முகம் போன போக்கைப் பார்த்து அவளே பேச்சை மாற்றினாள். இந்த ஆட்டத்தைச் செய்தவன் மீனைத் தட்டில்தான் பார்த்திருக்கிறான், ஒரே இடத்தில் மாசக்கணக்காக நிற்கிற மீன் எந்தக் கடலில் இருக்கிறது, இருந்தால் எங்கப்பாவிடம் சொல்லுங்கள் என்றாள். வயலில் ஒரு குறை, கடலில் ஒரு குறை. இரண்டையும் கூட்டினால் கோட்டையைப் பற்றி டெல்டா மாவட்டத்தின் முழு விமர்சனம் வந்துவிடும்.

பிறகு அவள் ஒரு சி.டி. கொண்டு வந்தாள். அவளுடைய சித்தி மகன் தஞ்சாவூரில் படித்தபோது வாங்கியது, உறைமேல் மார்க்கரில் கிறுக்கியிருந்தது. அதுதான் நான் முதலில் சொன்ன ஆறு பேர் ஆட்டம். ஆட்டம் தொடங்குமுன் ஆறு பேருக்கும் நாம்தான் பெயர் வைக்க வேண்டும். ஆங்கிலத்தில் எட்டு எழுத்துக்குமேல் இடமில்லை. கோடாலி தூக்குகிற வீரருக்கு அவள் நாகம்மா என்று பெயர் வைத்தாள். வைத்தியம் பார்க்கிற பூசாரிக்குக் கலியபெருமாள். எட்டு எழுத்தில் வெட்டுப்பட்டு அவர் 'கலியபெ' ஆனார். மந்திரக்காரிக்குத் தன் பெயரை வைத்துக்கொண்டாள். சித்தி, சித்தப்பா இரண்டு பேரும் வில்லாளிகள். கடைசியில் பூட்டு உடைக்கிற, பை அறுக்கிற திருடன் மிச்சம் இருந்தான். அவனுக்கு என் பெயரை வைத்தாள். ஏன் என்று கேட்டேன். தினமும் தன் டிபன்பாக்ஸில் யார் கை வைப்பது என்று திருப்பிக் கேட்டாள். நான் மேற்கொண்டு விசாரிக்கவில்லை.

அது என்ன மாதிரி ஆட்டம் தெரியுமா? ஊரில் இருக்கிற ஒவ்வொருவனும் பக்கம் பக்கமாகப் பேசுவான், அத்தனையும் பழைய இங்கிலீஷ். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வார்த்தை வார்த்தையாகப் படிப்போம். அப்படிக் கற்ற ஆங்கிலத்தில் நான் ஒரு கம்பெனிக்கு விண்ணப்பம் எழுதினேன். என்னை நேர்முகத் தேர்வுக்கு அழைக்குமாறு 'பிசீச்' செய்து கொள்கிறேன் என்று எழுதியிருந்தேன். அவர்கள் அழைக்கவில்லை. மன்றாடுகிறேன் என்று ராஜாவின் காலில் விழுகிற தளபதி பேசுகிற வார்த்தை அது என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை.

வழி கேட்டால், 'பழைய ஆலைக்கு வடக்கே போ, கருகின மரத்தண்டை திரும்பு' என்பார்கள். அவ்வளவுதான் அம்புக்குறி. அமுதா ஒரு கட்டம்போட்ட நோட்டில் வரைபடம் போட்டுக்கொண்டே வந்தாள். ஓரத்தில் தமிழில் குறிப்புகள். 'இங்கே பேய், போக வேண்டாம்.' 'இந்த ஆள் சொல்வது பொய்.' 'கிணறு உண்டு, தண்ணீர் குடித்தால் வயிற்று வலி.' மதியச் சாப்பாட்டு நேரம் முழுக்க அதுதான். நான் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, அப்படிப் போ, இப்படி அடி என்று தவறாமல் தப்பான யோசனை சொல்வேன். கரண்ட் போனால் யு.பி.எஸ். கீச்சுக் கீச்சென்று கத்தும், அது அடங்குவதற்குள் பதறிக்கொண்டு ஆட்டத்தைச் சேமிப்போம். நாலு மாதத்தில் முக்கால்வாசி தாண்டிவிட்டாள்.

இனி நான் செய்த காரியம்.

கோட்டையின் அடுத்த பாகம் வந்திருந்தது. தஞ்சாவூர் போய் அதை வாங்கி வந்தேன். மூன்றாம் நம்பரில் இடம் போதவில்லை. அமுதா அன்றைக்கு விடுப்பு. அவளுடைய ஆட்டம் இருந்த கோப்புறையைப் பார்த்தேன். சி.டி. இருக்கிறதே, மறுபடி ஏற்றிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். நாலு மாதம் சேமித்து வைத்தது சி.டி.யில் இல்லை, அந்தக் கோப்புறைக்குள் இருக்கிறது என்பது தெரியாதவன் அல்ல நான். குப்பைத்தொட்டிக்குக்கூடப் போகாமல் அடியோடு அழிப்பது எப்படி என்று பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறவன். அந்த நிமிடம் எனக்குப் புது ஆட்டம் வேண்டியிருந்தது, அவ்வளவுதான். அழித்தேன்.

மறுநாள் அவள் வந்து தேடினாள். எங்கே போயிற்று என்று கேட்டாள். "வைரஸ் மாதிரி தெரியுது" என்றேன். அந்தப் பொய் என் வாயிலிருந்து வந்த வேகத்தை நினைத்தால் இப்போதும் எனக்கு ஆச்சரியம்.

பொய் அதோடு நிற்கவில்லை. வைரஸ் என்ற சொல் கலியபெருமாள் சார் காதில் விழுந்தது. அவருக்கு வைரஸ் என்றால் காய்ச்சல் மாதிரி, ஒட்டிக்கொள்ளும். அறை முழுக்கப் பினாயில் போட்டுத் துடைக்கச் சொன்னார். கீபோர்டுகளைத் தானே துணியால் துடைத்தார். பிறகு வெளியிலிருந்து சி.டி. கொண்டு வந்தது யார் என்று கேட்டார். அமுதா மறைக்காமல், தான்தான் என்றாள். அன்றைக்கென்று வகுப்பில் பத்துப் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். அவர்கள் முன்னால் அவளைக் கடிந்துகொண்டார். நம்பி வேலை கொடுத்தால் நோயைக் கொண்டுவந்து சேர்ப்பதா என்றார். நான் கரும்பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அதில் எழுத்தே இல்லை.

இரண்டு நாள் அவள் மூன்றாம் நம்பர் பக்கமே போகவில்லை. நோட்டை மேசை இழுப்பறையில் போட்டுவிட்டாள். மூன்றாம் நாள் மாடிப்படியில் அவளை நிறுத்தினேன்.

"வைரஸ் இல்ல அமுதா. நான்தான் அழிச்சேன்."

"தெரியும்."

எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

"வைரஸ் வந்தா புதுசா ஒரு கோட்டைய ஏத்தி வச்சிட்டா போவும்? நீங்களா சொல்றீங்களான்னு பாத்துக்கிட்டிருந்தேன்." பிறகு செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள். "எங்கிட்ட சொல்லிட்டீங்க. பெரிய சார்ட்டயும் சொல்லிடுங்க. பசங்க இருக்கயில சொல்லுங்க."

பிள்ளைகள் இருக்கும்போதுதான் சொன்னேன். அவ்வளவு நீளமான இரண்டு நிமிடத்தை நான் அதற்குப்பின் பார்த்ததில்லை. கலியபெருமாள் சார் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்ப பினாயிலு போட்டதெல்லாம் வீணா?" என்றார். பிள்ளைகள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. என்னை ஒன்றும் திட்டவுமில்லை, அது திட்டுவதைவிட மோசமாக இருந்தது. எழுந்து அமுதாவிடம் போய், "நான் கேட்டது தப்பும்மா" என்றார். நான் பார்த்த முதலாளிகளில் அப்படிச் சொன்னவர் அவர் ஒருவர்தான்.

அமுதா பழையபடி பேசினாள், சிரித்தாள். ஆனால் ஆடவில்லை. மறுபடி முதலிலிருந்து தொடங்கலாமே என்றால், வேலை இருக்கிறது என்பாள்.

தை பிறந்து அறுவடை தொடங்கியது. சென்டர் காலியானது. நான் அவளிடம் நோட்டை மட்டும் கேட்டேன். எதற்கு என்று கேட்காமல் எடுத்துக் கொடுத்தாள். புதுக் கோட்டையை அழித்தேன். அந்த ஆறு பேரையும் மறுபடி உண்டாக்கி, அதே பெயர்களை வைத்து, அவள் போட்ட வரைபடத்தைப் பார்த்து ஒவ்வோர் இடமாகப் போனேன். இப்போதெல்லாம் அவள் மதியம் சாப்பிட வீட்டுக்குப் போய்விடுவாள், அந்த நேரம் பார்த்து ஆடினேன். 'பேய், போக வேண்டாம்' என்று எழுதியிருந்த இடத்துக்குப் போய்ப் பேயிடம் மூன்று முறை செத்தேன். நாலு மாதம் ஆடியதை ஐந்து வாரத்தில் ஆடி முடித்து, அவள் விட்ட இடத்துக்குக் கொண்டு வந்து நிறுத்தினேன். கொஞ்சம் பெருமையோடு அவளைக் கூப்பிட்டு உட்கார வைத்தேன்.

அவள் ஒவ்வொருவராகத் திறந்து பார்த்தாள். நாகம்மாவின் பையைத் திறந்தாள். உள்ளே ஒரு கோடாலி, நாலு மருந்துப் புட்டி, அவ்வளவுதான். மற்றதையெல்லாம் விற்று நல்ல கவசம் வாங்கியிருந்தேன். அவளுடைய ஆட்டத்தில் அந்தப் பையில் உடைந்த சீப்பு, யாருக்கோ போக வேண்டிய கடிதம், ஒரு குழந்தை கொடுத்த கூழாங்கல் என்று ஒன்றுக்கும் உதவாதது எல்லாம் இருக்கும். எதையும் விற்க மாட்டாள்.

"எங்கம்மா பை இவ்ளோ சுத்தமா இருக்காது" என்றாள்.

பிறகு திருடனைத் திறந்தாள். அங்கேதான் மாட்டிக்கொண்டேன். எல்லோருக்கும் அதே பெயர் என்று சொன்னேன் அல்லவா? இரண்டு பேரைத் தவிர. கிடைத்த சந்தர்ப்பத்தில் திருடனுக்குக் கலியபெருமாள் சார் பெயரை வைத்துவிட்டு, நான் பூசாரியாகியிருந்தேன். அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்த இரண்டு மாதத்தில் முதல் முறையாக வாய்விட்டுச் சிரித்தாள்.

"மாத்துங்க. திருடன் திருடனாவே இருக்கட்டும்."

இடையில் பெயர் மாற்ற அந்த ஆட்டத்தில் வழி இல்லை. ஆகவே பூசாரியையும் திருடனையும் சத்திரத்தில் இறக்கிவிட்டு, அதே பெயர்களில் இரண்டு புது ஆட்களைச் சேர்த்தாள். சார் பாவம் என்று கிடைத்த நல்ல கவசத்தையெல்லாம் அவருக்குப் போட்டுவிட்டாள். எனக்கு ஒன்றும் தரவில்லை. கடைசிக் கட்டத்துக்குப் போகிற கூட்டத்தில், அப்போதுதான் பிறந்த திருடன் ஒருவன் கையில் ஒரு சின்னக் கத்தியோடு பின்னாலேயே ஓடினான். எவனாவது அம்பு விட்டால் முதலில் செத்துப்போவது நான்தான். ஒவ்வொரு முறையும் பொறுமையாக என்னைக் கோயிலுக்குத் தூக்கிப்போய் உயிர் கொடுத்தாள். விட்டுவிட்டுப் போயிருந்தால் ஆட்டம் பாதி நேரத்தில் முடிந்திருக்கும்.

மாசி மாதத்தில் ஒரு சாயங்காலம் மந்திரவாதியிடம் போய்ச் சேர்ந்தோம். சண்டை நடந்துகொண்டிருக்கும்போது பின்னால் செருமல் கேட்டது. கலியபெருமாள் சார் நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக நிற்கிறார் என்று தெரியவில்லை. நான் எழப்போனேன். அவர் என் தோளில் கை வைத்து உட்காரச் சொல்லி, திரையின் ஓரத்தில் 'கலியபெ' என்றிருந்ததைப் பார்த்து, "இதுல யாரும்மா நான்?" என்றார். அமுதா பூசாரியைக் காட்டினாள். வெள்ளை அங்கி, நல்ல கவசம், கையில் தடி. சார் முகத்தில் ஒரு திருப்தி வந்தது. இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அதற்குப்பிறகு எங்களுக்கு நிம்மதி போயிற்று. "நம்மாளு ஏன் சும்மா நிக்கிறாரு? அவர முன்னால அனுப்பு" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். முன்னால் அனுப்பினால் செத்துவிடுவார் என்று அமுதா சொல்லிப் பார்த்தாள், கேட்கவில்லை. அனுப்பினாள், செத்தார். நாகம்மாவும் அமுதாவும் மட்டும் மிச்சமிருந்து மந்திரவாதியை முடித்தார்கள். "பொம்பளைங்க ஆட்டம்" என்று சொல்லிவிட்டு, சார் எல்லோருக்கும் டீ சொல்லக் கீழே இறங்கினார்.

அடுத்த வருஷம் அமுதாவுக்கு அரசு வேலை கிடைத்து நாகப்பட்டினத்துக்கே போனாள். கடலிலிருந்து தள்ளி உள்ளே வீடு கட்டியிருக்கிறாள். நான் தஞ்சாவூர் வந்துவிட்டேன். கலியபெருமாள் சார் இப்போது இல்லை. சென்டர் இருந்த மாடியில் முதலில் செல்போன் கடை வந்தது, இப்போது பல் ஆஸ்பத்திரி. மூன்றாம் நம்பரை மற்ற ஐந்தோடு சேர்த்துப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன்.

போன வாரம் அமுதாவுக்குப் போன் செய்து, அந்த ஆட்டம் புதுசாக வந்திருப்பதைச் சொன்னேன். எத்தனை பேர் ஆடலாம் என்று கேட்டாள். ஒருவர்தான் என்றேன். முன்னேயும் ஒருவர்தான், மூணு பேர் ஆடினோமே என்றாள். பிறகு அம்மாவுக்கு முழங்கால் வலி என்றும், கூடை தூக்குவதை விட்டாயிற்று என்றும் சொன்னாள். அலுவலகத்தில் யாரோ கூப்பிட்டார்கள், வைத்துவிட்டாள்.

எங்கள் வீட்டில் இப்போது நாலு பேர், நாலு திரை. எல்லோரும் ஏதோ ஒரு ஆட்டம் ஆடுகிறோம். காதில் ஆளுக்கொரு ஹெட்போன். கதவுகள் சாத்தியிருக்கின்றன. யார் ஜெயித்தாலும் சாப்பாட்டு மேசைக்கு வரும்போது சொல்லிவிடுகிறார்கள். யார் எங்கே தோற்கிறார்கள் என்பது மட்டும் யாருக்கும் தெரிவதில்லை.